மயிலாத்தாள் கைக்கு ஓர் உறை

“உறையில தப்பில்லைங்க டீச்சர். கைதான் பிடிவாதம் பிடிக்குது,” என்றார் பொன்னுரங்கம்.

ஆசிரியை சுடர்க்கொடி ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கையைக் கேட்டீங்களா?”

“எதைங்க?”

“கையை.”

பொன்னுரங்கம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர் இஸ்மாயிலைப் பார்த்தார். இஸ்மாயில் உதட்டைப் பிதுக்கினார்.

“கை எப்படிங்க பேசும்?”

ஆசிரியை மடிப்பை நகத்தால் ஒருமுறை நீவினாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“வேலை தெரியாதுன்னு திட்டினாக்கூடப் பரவாயில்ல பாய். இது என்ன பேச்சு?”

“டீச்சர் திட்டற விதமே இதுதாண்ணே,” என்றார் இஸ்மாயில். “என்னை இன்னும் திட்டவே ஆரம்பிக்கல.”

*

அந்தக் கொட்டகை மலையடிவாரத்தில் இருந்தது. முன்பு கோழிப்பண்ணை. கோழிகள் போய் ரொம்ப நாளாகியும், மழை பெய்தால் வாடை திரும்பி வந்துவிடும்.

சுடர்க்கொடி பெரிய கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தியவள். அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் செய்வது ரோபோ. ரோபோ என்றால் இரும்பும் திருகாணியும் என்றுதான் பொன்னுரங்கமும் நினைத்திருந்தார். இவள் செய்ததில் எலும்பே இல்லை. தாளை மடித்து, ரப்பர் பூசிய துணிப்பைக்குள் வைத்து, ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுவாள். உள்ளே காற்றை விட்டால் அது நிமிரும், வளையும், சுருளும், புழு மாதிரி ஊர்ந்து போகும். பழுத்த தக்காளியைக் கன்றாமல் எடுத்துக் கூடையில் வைக்கும்.

“காத்துக்கு வழி தெரியாது. மடிப்புக்குத்தான் தெரியும்,” என்பாள்.

அதற்கு மேல் விளக்கமாட்டாள். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அந்த விளக்காத குணத்தினாலேயே ஓடிப்போனார்கள்.

பொன்னுரங்கம் ஓடவில்லை. ஆசிரியைக்கு அப்பா வயது அவருக்கு. லேத்துப் பட்டறையில் ஆயுசைக் கழித்தவர். ஒரு சின்னப் பெண் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதம் மடிப்பது அவருக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தார்.

வீட்டில் ஒரு கை மூடிக் கிடந்தது.

மனைவி மயிலாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து, காலும் பேச்சும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் திரும்பவில்லை. மூடினது மூடினபடி. நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகும். சோறு பிசைய முடியாது. இடது கையால் சாப்பிட வேண்டியிருந்ததால், நாலு பேர் இருக்கிற இடத்தில் சாப்பிடுவதையே அவள் நிறுத்திவிட்டாள். கல்யாணம் காட்சி எதற்கும் போவதில்லை.

“இப்படியே விட்டா விரல் இந்தப்படியே இறுகிடும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது,” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ‘அப்புறம்’ எப்போது என்று அவரும் சொல்லவில்லை.

முதலில் பொன்னுரங்கம் பட்டறைப் புத்தியில் இரும்பிலேயே ஒரு சட்டம் செய்தார். ஸ்பிரிங் போட்டு, போல்ட் போட்டு, மாட்டித் திருகினார். மயிலாத்தாள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவள் அந்தச் சட்டத்தை இடது கையாலேயே கழற்றிக் கிணற்றில் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் எலும்பில்லாத ரோபோ செய்கிற இடம் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். இங்கே வந்தார். மூன்று உறைகள் செய்தார். விரல் முதுகில் மாட்டிக் காற்றை விட்டால் விரலை நிமிர்த்துகிற உறை. கொட்டகையில் சோதனைக்கு வைத்திருந்த, மூட்டு வைத்த மரக் கையில் மாட்டினால் அழகாகத் திறக்கும். மயிலாத்தாள் கையில் மாட்டினால் திறக்காது. அவர் எவ்வளவு வேகமாகக் காற்று அடித்தாரோ அவ்வளவு இறுக மூடிக்கொண்டது.

*

இத்தனைக்கும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு கிடையாது.

மச்சினன் வீட்டுப் புதுமனை விசேஷத்தில் வந்த வினை அது. பொன்னுரங்கம் கை கழுவிக்கொண்டு முதல் பந்திக்குப் போனபோது இலையெல்லாம் நிறைந்துவிட்டது. “மாமா அடுத்த பந்தியில உட்காரட்டும்,” என்று மச்சினன் சொன்னான். வீட்டு மாப்பிள்ளையை! சரி, அவன் புத்தி அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாள் எழுந்திருக்கவில்லை. பாயசம் வரைக்கும் சாப்பிட்டாள்.

இரண்டாம் பந்திக்குப் பாயசம் வரவில்லை. தீர்ந்துவிட்டதாம்.

அன்றோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். சும்மா சொல்லக் கூடாது, நிறுத்தியதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

“சாவியை எங்க வெச்சாங்கன்னு தெரியல.”

அவள் பூனையைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

“ஆணியில தொங்கறது கண்ணுக்குத் தெரியலையாமா?”

வருஷக்கணக்காகக் குடும்பம் அப்படியே ஓடியது. நோய் வந்தபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். அப்போதும் பேசவில்லை. ஒவ்வொரு உறையையும் மாட்டும்போது சுவரிடம்தான் சொன்னார்:

“கையை நீட்டினா மாட்டலாம்.”

*

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. உறையைச் செய்தவர் முதலில் தன் கையில் மாட்ட வேண்டும். காற்று அடிக்கிற பந்து அடுத்தவர் கையில் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது டாக்டர் கையில் வைத்து அமுக்குவாரே, அந்த மாதிரி ரப்பர் பந்து. தானே மாட்டித் தானே அமுக்கிப் பார்ப்பது அங்கே திருட்டுக்குச் சமம்.

மறுநாள் காலை பொன்னுரங்கம் நான்காவது உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பந்து இஸ்மாயில் கையில்.

இஸ்மாயில் அமுக்கினார். விரல்கள் சுகமாக நிமிர்ந்தன.

“எப்படிண்ணே இருக்கு?”

“சொர்க்கம்.”

“அப்ப பாஸ் பண்ணியாச்சு.”

ஆசிரியை வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“இந்தக் கைக்குத் திறக்க ஆசை இருக்கு,” என்றாள். “மூடுங்க.”

மூடினார்.

“இன்னும்.”

“மூடியாச்சுங்க.”

“உங்க மச்சினரை நினைச்சுக்கங்க.”

இஸ்மாயில் குபுக்கென்று சிரித்தார். பந்திக் கதை கொட்டகை முழுக்கத் தெரியும். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. அவருடைய விரல் மூட்டுகள் வெளுத்துவிட்டன.

“இப்ப அமுக்குங்க பாய்.”

இஸ்மாயில் அமுக்கினார். உறை புடைத்தது. கை திறக்கவில்லை. இன்னும் அமுக்கினார். உறை இன்னும் புடைத்தது. மூன்றாவது அமுக்கில் ஓரம் பிய்ந்து, டப்பென்று வெடித்தது.

கை மூடியபடியே இருந்தது.

“யா அல்லா!” என்றார் இஸ்மாயில். “ஒரு டம்ளர் பாயசத்துக்கு இவ்வளவு பலமா!”

பொன்னுரங்கம் கிழிந்த உறையைக் கழற்றினார்.

“ஓரத்தை இன்னும் அழுத்தி ஒட்டணும். தடிச்ச துணி போடணும்.”

ஆசிரியை முந்தின நாள் மடித்த தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். உள்ளுக்குள் உள்ளாக மடிந்து, ஒரு முடிச்சு மாதிரி இருந்தது அது.

“பிரிங்க.”

பொன்னுரங்கம் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். இறுகியது. பலமாக இழுத்தார். இன்னும் இறுகியது.

“கிழிஞ்சிரும்ங்க.”

ஆசிரியை அதை வாங்கினாள். ஒரு விரலால் நடுவில் வைத்து உள்பக்கமாக லேசாகத் தள்ளினாள். தாள் அவள் மடியில் முழுசாக விரிந்து விழுந்தது.

பொன்னுரங்கம் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காகிதம் வேற, கை வேறங்க டீச்சர்.”

“ஆமா.”

“அப்ப எதுக்குங்க இதைக் காட்டினீங்க?”

“உங்களாலதான் பிரிக்க முடியலையே.”

“அப்ப கைக்கு என்ன பண்றது?”

“நேத்தே சொன்னேன்.”

*

அன்று மத்தியானம் வீட்டில் மயிலாத்தாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பூனை அவள் காலடியில் கிடந்தது. பொன்னுரங்கம் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தார்.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கையைக் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க,” என்றார், சுவரிடம்.

மயிலாத்தாள் பூனையைப் பார்த்தாள்.

“கைக்கு வாய் இருந்தா மொதல்ல அது வேற விஷயம் பேசும்னு சொல்லு.”

பூனை கொட்டாவி விட்டது.

பொன்னுரங்கம் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தார். மனசுக்குள் மச்சினனை ஒருமுறை திட்டிக்கொண்டார். அவன்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மறுநாள் ஆசிரியை கேட்டாள்.

“கை என்ன சொல்லுச்சு?”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க. பூனைகிட்ட ஏதோ சொல்லுச்சு.”

ஆசிரியை வாயை இறுக்கிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா என்று தெரியவில்லை.

“அவங்களை இங்க கூட்டிட்டு வாங்க.”

“வரமாட்டாளுங்க.”

“கூப்பிட்டீங்களா?”

பொன்னுரங்கம் நான்காவது உறையின் கிழிசலை விரலால் ஒட்டிப் பார்த்தார்.

“நான் போய்க் கூட்டியாறேன் டீச்சர்,” என்றார் இஸ்மாயில். “வண்டி இருக்கு. வழியில அக்கா பக்கத்துக் கதையையும் கேட்டுக்கறேன்.”

*

மயிலாத்தாள் வண்டியை விட்டு இறங்கிக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இங்கதான் மடிக்கறாங்களா?” என்றாள் இஸ்மாயிலிடம். “வீட்டுல ஒரு வேட்டியை மடிச்சு வெச்சதில்ல.”

பொன்னுரங்கம் இஸ்திரிப் பெட்டியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

ஆசிரியை அவளுக்கு ஒரு நாற்காலி போட்டாள். தக்காளி எடுக்கிற எலும்பில்லாத கையைக் காட்டினாள். அது ஐந்து விரலையும் சுருட்டி ஒரு தக்காளியைத் தூக்கி, அவள் மடியில் வைத்தது.

“இதுக்கு இருக்கற பதவிசு மனுசனுக்கு இல்லையே அம்மிணி,” என்றாள் மயிலாத்தாள்.

“சும்மா உட்கார்ந்திருங்கம்மா. அவசரம் ஒண்ணுமில்ல.”

ஆசிரியை தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இஸ்மாயில் துணி வெட்டினார். பொன்னுரங்கம் ஐந்தாவது உறைக்குத் தடித்த துணி தேடினார்.

வெயில் ஏறியது. மூடின கைக்குள் வேர்த்திருக்க வேண்டும். மயிலாத்தாள் வலது கையைத் தூக்கி முழங்கால் மேல் வைத்தாள். இடது கையால் அந்த மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினாள். ஏற்கெனவே வளைந்திருந்த கையை இன்னும் வளைத்தாள். வளைக்க வளைக்க, விரல்கள் தாமாகவே பிடியை விட்டன. முழுசாக இல்லை, ஒரு முந்தானை நுழைகிற அளவுக்கு. முந்தானை முனையை உள்ளே விட்டு உள்ளங்கையைத் துடைத்தாள். மணிக்கட்டை விட்டாள். கை பழையபடி மூடிக்கொண்டது.

பொன்னுரங்கத்தின் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

“டீச்சர்,” என்றார். “பார்த்தீங்களா?”

“நான் பார்க்கல. நீங்க பார்த்தீங்க.”

“இதை எப்ப இருந்து செய்யறாங்கன்னு கேளுங்க.”

மயிலாத்தாள் இஸ்மாயில் பக்கம் திரும்பினாள்.

“கை கழுவற ஒவ்வொரு வேளையும்னு சொல்லுங்க பாய். சமையக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கற ஆளா இருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“அண்ணே, அக்கா என்ன சொல்றாங்கன்னா—”

“காது கேக்குது பாய்.”

அவர் தடித்த துணியை ஓரமாகத் தள்ளினார். மெல்லிய துணியை எடுத்தார். புதுத் தாள் ஒன்றை விரித்து, முதல் மடிப்பை விரலுக்குப் போடாமல் மணிக்கட்டுக்குப் போட்டார். காற்று முதலில் மணிக்கட்டை உள்ளே மடக்க வேண்டும். மணிக்கட்டுப் பை நிறைந்த பிறகே விரல்களுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு வழி வைத்தார். எவ்வளவு அவசரமாக அமுக்கினாலும் அந்த வழியில் காற்று மெல்லத்தான் போகும்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. மயிலாத்தாளும் “பசிக்கலை” என்று சொல்லிவிட்டாள். ஆசிரியை ஒரு தட்டில் சோறு போட்டு, கொட்டகையின் மறு கோடியில் ஒரு மேஜைமேல் வைத்து, அவளை அங்கே உட்காரவைத்துவிட்டு வந்தாள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பொன்னுரங்கம் ஒரே ஒருமுறை திரும்பினார். அவள் முதுகை வளைத்துக்கொண்டு, யாருடைய சோற்றையோ எடுத்துத் தின்பது போல, இடது கையால் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் தாளுக்குத் திரும்பினார்.

*

உறை தயாரானது. வழக்கப்படி பொன்னுரங்கம் மாட்டிக்கொண்டார். இஸ்மாயில் பந்துக்குக் கை நீட்டினார். ஆசிரியை அதை எடுத்து மயிலாத்தாளின் இடது கையில் வைத்தாள்.

“அவ கையிலயா?” என்றார் பொன்னுரங்கம்.

“அடுத்தவர் கையில.”

“மூடுங்கண்ணே,” என்றார் இஸ்மாயில். “மச்சினரை நினைச்சுக்கங்க.”

“நினைச்சுட்டுத்தான் இருக்கேன்.”

மயிலாத்தாள் அமுக்கினாள். அவருடைய மணிக்கட்டு உள்ளே மடிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை இறுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. உறை வெடிக்கவில்லை.

திறந்த கையை அவரே நம்பாமல் பார்த்தார்.

“என் கூடப்பொறந்தவனை நினைச்சு இவங்க கை திறந்ததை இன்னிக்குத்தான் பார்க்கறேன் பாய்,” என்றாள் மயிலாத்தாள்.

அடுத்து அவள் முறை. இஸ்மாயில் உறையை அவளுடைய வலது கையில் மாட்டி, பட்டையைக் கட்டினார். பொன்னுரங்கம் பந்தை எடுக்கப் போனார். அது மயிலாத்தாள் கையை விட்டு வரவில்லை.

“அவங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றாள் ஆசிரியை.

“அவ கையில குடுத்தா வேணும்னே அமுக்கமாட்டாளுங்க. எனக்குத் தெரியாதுங்களா?”

மயிலாத்தாள் அமுக்கினாள்.

மணிக்கட்டு மடிந்தது. விரல்கள் அசைந்தன. சுண்டுவிரல் முதலில், பிறகு அதற்கடுத்தது. உள்ளங்கையின் வெளுத்த தோல் கொஞ்சம் தெரிந்தது. நடுவிரல். ஆள்காட்டி விரல் பாதி.

அவள் நிறுத்திவிட்டாள்.

“பார்த்தீங்களா டீச்சர்! இன்னும் ரெண்டு அமுக்கு. அமுக்கச் சொல்லுங்க.”

ஆசிரியை சொல்லவில்லை.

“பாய், நீங்க சொல்லுங்க.”

இஸ்மாயில் வாயைத் திறந்தார். ஆசிரியை அவரைப் பார்த்தாள். இஸ்மாயில் கூரையில் ஏதோ இருப்பது மாதிரி அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

“மோட்டார் ஓடிட்டே இருக்கு,” என்றாள் ஆசிரியை. “தொட்டி நிறைஞ்சிருக்கும்.”

வெளியே போனாள். நாலு எட்டு வைத்து நின்றாள்.

“பாய், வாங்க.”

“மோட்டாரை நிறுத்த ரெண்டு பேர் எதுக்கு டீச்சர்?”

“வாங்க.”

இருவரும் போய்விட்டார்கள்.

பொன்னுரங்கம் சுவரைத் தேடினார். கோழிக் கொட்டகைக்குச் சுவர் ஏது? நாலு பக்கமும் கம்பிவலை. வலைக்கு அப்பால் சோளக்காடு. அதற்கு அப்பால் மலை. சொன்ன சொல் போய் முட்டி நிற்க ஓர் இடம் இல்லை.

மயிலாத்தாளும் கீழே, நாற்காலிக் காலடியில், ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அங்கே பூனை இல்லை.

பாதி திறந்த கை இருவருக்கும் நடுவில் இருந்தது. இடது கை பந்தின்மேல் இருந்தது. அமுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

பிடிவாதம் என்று நினைத்து அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. அவள் கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். நெற்றியில் வேர்வை நின்றது.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“வலிக்குதா?”

மயிலாத்தாள் யாரைக் கேட்கிறார் என்று சந்தேகப்படுகிறவள் போல அவரையே பார்த்தாள்.

“கட்டைவிரல்கிட்ட மட்டும்,” என்றாள்.